தொலைத்தொடுகோட்டைத் தொடவே கூடாதாம்!

வணக்கம். இன்று வெளிச்சம் சரியில்லை. கோபம் ஆறுவதற்குள் கேமராவை எடுத்துவிட்டேன். வளைவரை தொலைவில் போகப்போக எந்த நேர்கோட்டுடனான இடைவெளி சுழியை நெருங்குகிறதோ, அதுதான் தொலைத்தொடுகோடு. காலையில் அதைப் பற்றி ஒரு குறுங்காணொளி பார்த்தேன். "வளைவரை தொலைத்தொடுகோட்டை நெருங்கும், ஒருபோதும் தொடாது" என்று அடித்துச் சொல்கிறார்கள். இந்த வாக்கியத்தின் மீது எனக்கு எவ்வளவு வெறுப்பு என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும்.

பலகையைப் பாருங்கள், வழக்கம்போல் பச்சைப் பேனாதான். சைன் எக்ஸை எக்ஸால் வகுக்கிறேன். மேலே இருப்பது 1-க்கும் -1-க்கும் இடையிலேயே ஆடுகிறது. கீழே எக்ஸ் வளர்ந்துகொண்டே போகிறது. எக்ஸ் 1000-ஐத் தாண்டினால் வளைவரை 0.001 உயரத்தைக்கூட எட்டாது. ஆகவே ஒய் = 0 தொலைத்தொடுகோடுதான். ஆனால் பை, 2 பை, 3 பை என்று அதே கோட்டை வெட்டிக்கொண்டே போகிறதே, முடிவில்லாமல்! இடைவெளி சுழியை நெருங்குகிறதா என்பது மட்டுமே கேள்வி. நடுவில் வெட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடடா, கோணம் ரேடியனில், அதாவது 180 பாகையைப் பை என்று எடுக்கும் அளவில், என்று சொல்லவில்லை. இன்னொன்றும் விட்டுப்போயிற்று. பகுதியில், அதாவது வகுக்கும் இடத்தில், எக்ஸ் இருக்கிறதே என்று எக்ஸ் = 0-இல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு போட்டுவிடாதீர்கள். அங்கே எல்லை மதிப்பு, அதாவது வளைவரை நெருங்கிச் செல்லும் உயரம், 1; ஒரு புள்ளி மட்டும் விடுபட்ட வெறும் ஓட்டைதான். பகுதி சுழியானால் போதாது, சார்பின் மதிப்பு முடிவிலியை நோக்கி ஓட வேண்டும்.

அப்புறம் என் வரைபடச் செயலி! 1 வகுத்தல் எக்ஸ் என்று கொடுத்தால் நடுவில் ஒரு நெட்டுக்கோடு. தொலைத்தொடுகோட்டை வரைந்து காட்டும் கருணை என்று நம்பாதீர்கள். இடப்பக்கக் கடைசிப் புள்ளியையும் வலப்பக்க முதல் புள்ளியையும் இணைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்தால் கோடு துளி சாய்ந்திருக்கும். அமைப்புகளுக்குள் புகுந்து, பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடி, புள்ளிகளை இணைக்கும் வசதியை அணைத்தேன். கோடு காணாமல் போனது! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நீங்களும் அணைத்துவிடுங்கள், முதல் வேலையாக.

சாய்ந்த தொலைத்தொடுகோட்டைக் கேட்டிருந்தீர்கள். 2 எக்ஸ் வர்க்கம் + 3 எக்ஸ் + 5 என்பதை எக்ஸ் + 1 ஆல் வகுங்கள். ஈவு 2 எக்ஸ் + 1, மீதி 4. ஈவுதான் கோடு. எக்ஸ் 99 ஆகும்போது இடைவெளி 100-இல் 4, அதாவது 0.04. மீதி 4 சுழியாகாது என்பதால் இந்த வளைவரை தன் சாய்ந்த கோட்டை உண்மையிலேயே தொடாது. அந்தக் காணொளிக்காரர் இதையாவது எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கலாம்.