சூரியனுக்கு வயதானால்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்க்காரர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் சொல்கிறேன்: இந்த வெயில் இன்னும் ஏறத்தான் போகிறது. 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற கணக்கில் சூரியனின் ஒளி கூடிக்கொண்டே வருகிறது.

சூரியனுக்கு இப்போது வயது 460 கோடி. இன்னும் 500 கோடி ஆண்டில் மையத்து ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். நம் கடல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வற்றியிருக்கும். மையம் சுருங்க, வெளியடுக்குகள் ஊதிப் பெருத்து, சூரியன் சிவப்பு ராட்சதனாகும். பிறகு ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். அதற்குமேல் எரிக்க சூரியனுக்கு எடை போதாது. வெளியடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, நொடிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் விரியும். உள்ளே மிஞ்சிய சூடான கரு வீசும் புறஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிரும். இதுதான் கோள்வடிவ நெபுலா. ஆயிரம் கோடி ஆண்டு வாழ்ந்த விண்மீனுக்கு இந்த ஜோடனை சில பத்தாயிரம் ஆண்டுகள்தான். கரு மட்டும் பூமியளவு வெள்ளைக் குள்ளனாக ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். 1864இல் ஆங்கில வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், பூனைக்கண் என்ற கோள்வடிவ நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். வானவில் தெரியவில்லை, சில பச்சைக் கோடுகள் மட்டும். எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தாததால், புதுத் தனிமம் என்று முடிவுகட்டி 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விடை சொன்னார்: அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன். அந்தப் பச்சையை உமிழ அந்த அணுவை அரை நிமிடத்துக்கு மேல் யாரும் இடிக்காமல் விட்டுவைக்க வேண்டும். நம் ஆய்வுக்கூட வாயு பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல் மாதிரி. அதற்குள் ஆயிரம் இடி விழுந்துவிடும். நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் அணுக்கள்தான்.

ஒளியைப் பிரித்துப் படிக்கும் அதே வேலை நம் ஜவ்வாது மலையிலும் நடக்கிறது. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

நீங்களே பார்க்க நினைத்தால், ஆகஸ்ட் கடைசியில் இரவு எட்டு மணி வாக்கில் வடக்கே உயரத்தில் வீகா, அதாவது அபிஜித், பளிச்சென்று தெரியும். அதன் பக்கத்தில்தான் வளைய நெபுலா, அதுவும் ஒரு கோள்வடிவ நெபுலாதான். சின்னத் தொலைநோக்கியே போதும். ஆனால் படங்களில் பார்த்த வண்ணங்களைத் தேடாதீர்கள். சாம்பல் நிறப் புகை வளையமாகத்தான் தெரியும். நடுவிலிருக்கும் கரு அதில் அகப்படாது. அதற்குப் பெரிய கருவி வேண்டும்.