மார்ஜின்: எதன் மேல் இருபது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தாலும் சரி, காசிமேட்டில் மளிகைக் கடை நடத்தினாலும் சரி, "இருபது பெர்சென்ட் மார்ஜின் நிக்கும்ணே" என்று சொல்லாத சேல்ஸ்மேன் கிடையாது. தலையாட்டுவதற்கு முன், "எதுக்கு மேல இருபது?" என்று கேளுங்கள்.

100 ரூபாய் சரக்கை 125-க்கு விற்றால் லாபம் 25. வாங்கிய விலைக்கு அது 25 சதவீதம்; அதை மார்க்கப் என்பார்கள். விற்ற விலைக்கு 20 சதவீதம்தான். கணக்குப்பிள்ளை மார்ஜின் என்று எழுதுவது இந்த இருபதை.

ஆடித் தள்ளுபடியில்தான் இது கடிக்கும். "இருபத்தஞ்சு வெச்சிருக்கோம், இருபது தள்ளினாலும் அஞ்சு நிக்கும்" என்று போர்டு மாட்டிவிடுவார்கள். 125-ல் 20 சதவீதம் 25 ரூபாய். போனால் மிச்சம் 100, வெறும் அசல். கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில் மூன்றும் கைக்காசு.

விலை போடும்போது முதலில் அடக்கத்தை முழுசாகப் பிடியுங்கள். சூரத் சேலை பில்லில் 282; லாரி வாடகை, இறக்குகூலி சேலைக்கு 12; கவர், பை 6. ஆக 300. இதில் 25 சதவீத மார்ஜின் வேண்டுமென்றால், அடக்கம் விற்கும் விலையில் 75 சதவீதமாக இருக்க வேண்டும்; அதனால் 300-ஐ 75-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 400. பலர் 300-க்கு 25 சதவீதம் கூட்டி 375 ஒட்டிவிடுகிறார்கள். சேலைக்கு 25 ரூபாய் போச்சு.

வரியையும் லாபத்தில் சேர்க்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள பொருளை வரியோடு 94 ரூபாய் 40 காசுக்கு வாங்கி 118-க்கு விற்றால், கல்லாவில் கூடுதலாக விழுவது 23.60. அதில் 3.60 (விற்றதில் வசூலித்த வரி 18, வாங்கும்போது கொடுத்த வரி 14.40, வித்தியாசம்) அரசுக்குக் கட்ட வேண்டியது. உங்களுடையது 20. மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு இந்தக் கணக்கு வேறு.

சரக்கின் பேரில் கடன் கொடுக்கும் வங்கி மேனேஜர் வாயில் வரும் மார்ஜின் இது எதுவுமே இல்லை. சரக்கின் மதிப்பில் நீங்கள் போட வேண்டிய சொந்தப் பணம். கடையில் 4 லட்சத்துக்குச் சரக்கு, அதில் 80,000-க்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், வங்கி எடுத்துக்கொள்வது 3,20,000. கடன் சாங்ஷன் கடிதத்தில் 25 சதவீத மார்ஜின் என்றிருந்தால் இன்னொரு 80,000 கழியும். கடன் லிமிட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சரக்கின் பேரில் எடுக்க முடிவது 2,40,000. மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கிருப்புக் கணக்கு) கொடுக்கும்போது, பாக்கி வைத்த சரக்கைத் தனியாகக் காட்டிவிடுங்கள்.