கடலடியில் ஒரு பந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

என் சிறுவயதில் மணற்காட்டுக் கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. வயிறு மத்தளம்போல் ஊதியிருந்தது. ஊராண்கள் மண்வெட்டியோடு வந்து, ஒரு பகல் முழுக்கக் குழி வெட்டிப் புதைத்தார்கள். "கரைக்கு வராததுகளை யார் புதைப்பார்கள்?" என்று அப்பாவைக் கேட்டேன். "அதைக் கடல் பார்த்துக்கொள்ளும்" என்றார். கடல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. அங்கே பிணம் அழுகினால் வாயு நிறைந்து மிதந்துவிடும். ஆழ்கடலில் நீரின் அழுத்தம் அந்த வாயுவைப் பெருக விடாது. தாழ்ந்த உடல் தாழ்ந்ததுதான். வெளிச்சமே எட்டாத அந்த அடித்தளத்தில் மேலிருந்து உதிரும் துணுக்குகள்தான் சாப்பாடு. 40 தொன் திமிங்கிலம் ஒன்று விழுந்தால், அது கிடக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளில் சேரவேண்டிய உணவு ஒரே நாளில் வந்து இறங்கிவிடுகிறது.

முதலில் சுறாக்களும், விலாங்குபோல் வழுவழுத்த தாடையற்ற மீன்களும் வந்து சேரும். நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோ வரை தசை போகும். பிறகு, நெய் ஊறிய சேற்றில் புழுக்கள் மொய்க்கும்.

தசை தீர்ந்தாலும் பந்தி கலைவதில்லை. திமிங்கில எலும்புக்குள் அவ்வளவு நெய் இருக்கிறது. பக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது, கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். அந்த நஞ்சிலிருந்தே உணவு ஆக்கும் வேறு பக்டீரியாக்களை உடலுக்குள் குடிவைத்துக்கொண்டு மட்டிகள் வாழ்கின்றன. இது பல பத்தாண்டுகள் நீடிக்கும். 1987இல் கடலாய்வாளர் கிரேக் சிமித் குழுவினர் கலிபோர்னியாவுக்கு அப்பால் 1240 மீட்டர் ஆழத்தில், 'அல்வின்' நீர்மூழ்கியில் சென்று கண்டது இப்படிப்பட்ட ஓர் எலும்புக்கூட்டைத்தான்.

எலும்புண்ணிப் புழுவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. 2004இல்தான் அதற்கு 'ஒசிடாக்ஸ்' என்று பெயரிட்டார்கள். வாயும் இல்லை, குடலும் இல்லை. செந்நிறத் தூவிகள் நீரில் அசைய, கீழ்ப்பாதி பச்சை வேராக எலும்புக்குள் இறங்கியிருக்கும். அந்த வேர் அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கிறது. கண்ணில் படுவது பெரும்பாலும் பெண். ஆண்கள் நுண்ணுருவாக அவளது குழாய்க்குள்ளேயே கூட்டமாகக் குடியிருக்கின்றன. வளவில் வீழ்ந்த பனங்குற்றியைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வியப்பு புரியும்.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 30 இலட்சம் திமிங்கிலங்களை மனிதர் கொன்றார்கள். நெய்யும் இறைச்சியும் எலும்புமாக அவற்றைக் கப்பலிலும் கரையிலும் கூறுபோட்டார்கள். நாம் உயிரோடிருந்த திமிங்கிலங்களையே எண்ணி வருந்துகிறோம். அடியில் விழாமற்போன உடல்களை யாரும் எண்ணவில்லை. ஓர் எலும்புக்கூடு தீர்ந்ததும் அடுத்ததைத் தேடி இருளில் மிதந்துபோன புழுக் குஞ்சுகள் எத்தனை, இறங்க இடமில்லாமல் அழிந்தனவோ!

வணக்கம்.