'உயரு'ன்னா 25! ஓலைச்சுவடி ஸ்கேன் பார்க்கப் போறவங்க இதைப் பாத்துட்டுப் போங்க

வணக்கம் மக்களே! ஊர் ஊரா ஓலைச்சுவடி தேடி அச்சுல ஏத்தினாரே உ.வே.சா., அவரோட சுயசரிதை 'என் சரித்திரம்', போன வீடியோவுல ஆரம்பிச்சேன்ல, படிச்சு முடிச்சாச்சு. 122 அத்தியாயம். 1940ல விகடன்ல தொடரா ஆரம்பிச்சது, 1942ல அவர் காலமானதால முடியாம நிக்குது. மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல இலவசமாவே இருக்கு, காசு கொடுத்து பிடிஎஃப் வாங்காதீங்க, ப்ளீஸ்.

அதைப் படிச்ச கையோட சுவடி ஸ்கேன் பாக்கணும்னு ஆசை வருமா வராதா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா 'பத்தே நிமிஷத்துல சுவடி படிக்கலாம்'னு ஒரு வகை வீடியோ சுத்துது பாருங்க, அதை நம்பிப் போனா முதல் ஓலையிலயே உக்காந்துருவீங்க.

ஓரத்துல 'உயரு'ன்னு இருக்கும். பாட்டோட முதல் சொல்லுன்னு நினைப்பீங்க. இல்லைங்க! அது ஓலை நம்பர், 25! உ-ன்னா 2, ய மாதிரி இருக்கறது 10, ரு-ன்னா 5. ரெண்டு பத்து அஞ்சு. அந்தக் கணக்குல பூஜ்யம் கிடையாது. வரிசை இப்படி: க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய. ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டிருங்க. 'யஉ'ன்னா 12, 'உய'ன்னா 20. இதை மாத்திப் படிச்சா நடுவுல எட்டு ஓலை காணோம்னு தேடிட்டே இருக்கணும்.

சரி, எழுத்துக்கு வருவோம். முதல் தலைவலி, புள்ளி இருக்காது. ரெண்டாவது, துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி. மூணாவது, ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு வித்தியாசம் கிடையாது. எ, ஏ ரெண்டும் ஒண்ணுதான். சொல்லுக்கு நடுவுல இடைவெளியும் இல்ல.

இப்ப 'கரகம'ன்னு இருக்குன்னு வைங்க. கரகமா, காகமா? எழுத்தை முறைச்சுப் பாத்துப் பிரயோஜனமே இல்ல. முன்னாடி பின்னாடி 'தலையில'ன்னு வந்தா கரகம், 'கரைஞ்சுது'ன்னு வந்தா காகம். செய்யுளா இருந்தா இன்னும் வசதி: எதுகையையும் தளையையும் வெச்சு நெடிலா குறிலான்னு முடிவு பண்ணலாம். அதனால யாப்பு கொஞ்சமாவது தெரியாம சுவடில கை வைக்காதீங்கங்கறது என் கட்சி. சண்டை போடறவங்க கமெண்ட்ல போடுங்க.

அய்யோ, நம்பர்ல ஒண்ணு விட்டுட்டேன்! நம்பர் ஓலைக்குத்தான், பக்கத்துக்கு இல்ல. ரெண்டு பக்கமும் எழுதியிருப்பாங்க, நம்பர் ஒரு பக்கம்தான் இருக்கும். 25 ஓலைன்னா 50 படம். படத்தோட ஃபைல் நம்பரைக் குறிப்புல எழுதி வெச்சா அப்புறம் நீங்களே குழம்புவீங்க.

கறுப்பு வெள்ளை ஸ்கேன் எனக்கு ஆகவே ஆகாது. பூச்சி அரிச்ச ஓட்டையும் எழுத்தும் ஒரே கறுப்பா வந்து நிக்கும். கலர்ல இருக்கறதைத் தேடி எடுத்து, 200 சதவீதம் பெருசாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சமா ஏத்துங்க.

வீட்டுல நிஜச் சுவடியே இருந்து எழுத்து தெரியலையா? மேல இருந்து லைட் அடிக்காதீங்க, பக்கவாட்டுல தாழ்வா அடிங்க. எழுத்தாணி கீறின பள்ளம்தானே எழுத்து, அதுல நிழல் விழுந்து வரி எழும்பி வரும். மை அப்புறம் பூசினதுதான்: வசம்புக் கரி, மாவிலைக் கரி, ஊமத்தை இலைச்சாறு. அது போயிருந்தாலும் கீறல் போகாது. மஞ்சளை ஈரத்துணில குழைச்சுத் தேய்க்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டா பூஞ்சை வரும், ஓலை நெளிஞ்சுக்கும். சுவடியைத் திறக்கறப்ப கயித்தை இழுக்காதீங்க, துளையோரம் கிழிஞ்சிரும். கயித்தை முதல்ல தளர்த்திட்டு, அப்புறம் ஒவ்வொரு ஓலையா நகர்த்துங்க.

இன்னொண்ணு, பிள்ளையார் சுழியை உ-ன்னு நினைச்சு 2-வது ஓலைன்னு எழுதிராதீங்க!