பசுவுக்குள் எவ்வளவு தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கல் சமயத்தில் நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு வருடம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே நின்ற கறவை மாட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குச் சாப்பாடே போடலையா? எலும்பு தெரியுதே" என்றாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வயிறு பானை மாதிரி இருந்தது. அந்த மாடு இளைத்திருக்கிறதா, இல்லையா? கால்நடைத் தீவன ஆராய்ச்சியில் இத்தனை வருடம் இருந்த எனக்கே பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை.

எடை போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் பசு தின்பதைவிட அதிகமாகப் பாலில் கொடுத்துவிடுகிறது. குறைகிற சக்திக்கு உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைக்கிறது. அதே நேரத்தில் பசியும் தாகமும் ஏறிக்கொண்டே போவதால் வயிற்றில் தீவனமும் தண்ணீரும் கூடுகின்றன. மாட்டின் முதல் வயிறு, ரூமன் என்பார்கள், அது மட்டுமே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். கொழுப்பு போன இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். எடைக்கருவி 'எல்லாம் சரி' என்று காட்டும்.

வாலடியிலும் இடுப்பிலும் விரல் வைத்து அழுத்திப் பார்த்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம், செலவில்லாதது. ஆனால் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியிருக்கும் கொழுப்பு விரலுக்கு எட்டாது.

இங்கேதான் தண்ணீர் கைகொடுக்கிறது. வீட்டில் ஒரு பெரிய அண்டாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி ரோஸ் சிரப்பை ஊற்றிக் கலக்குங்கள். எவ்வளவு நீர்த்துப் போனது என்று அளந்தால், அண்டாவில் இருந்த தண்ணீரைக் கணக்குப் போட்டுவிடலாம். மாட்டுக்கு சிரப்புக்குப் பதில் கன நீர். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதைவிட எடை கூடிய டியூட்டீரியம் உள்ள தண்ணீர். கதிரியக்கம் கிடையாது. நாம் குடிக்கிற தண்ணீரிலும் துளி இருக்கிறது. ஜார்ஜ் ஹெவெசி என்ற விஞ்ஞானி 1934-லேயே இதை மனித உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டார்.

அளந்த கன நீரை ரத்தக் குழாயில் செலுத்தி, உடம்பெல்லாம் கலந்தபின் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. கொழுப்பு நீங்கிய உடம்பில் ஏறத்தாழ 73 சதவீதம் தண்ணீர். ஒரு கணக்குக்காக, 600 கிலோ பசுவின் உடம்பில் 380 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 380-ஐ 0.73-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 520. மீதி 80 கிலோ கொழுப்பு. சில வாரம் கழித்து எடை அதே 600, தண்ணீர் மட்டும் 400 என்றால், கொழுப்பு 52 கிலோவாக இறங்கியிருக்கும். எடைக்கருவி மறைத்த 28 கிலோவைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கிறது! நடைமுறையில் இவ்வளவு சுலபமில்லை. வயிற்றில் கிடக்கிற தண்ணீரையும் சேர்த்துத்தான் கன நீர் அளக்கும். அதைத் தனியே பிரித்துக் கழிப்பதுதான் இந்த வேலையிலேயே சிரமமான பகுதி. ரூமனுக்குள் கன நீர் மெதுவாகத்தான் கலக்கும் என்பதால், அவசரப்பட்டு ரத்தம் எடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் கருவியில் ஏறி நின்றால் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று காட்டுகிறதே, அதுவும் லேசான மின்சாரம் விட்டு உடம்பின் தண்ணீரை மதிப்பிட்டுத்தான் சொல்கிறது.

அப்புறம் இன்னொன்று. அடுத்தடுத்த நாட்களில் ரத்தத்தில் கன நீர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால், மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டரை உள்ளே வாங்கி வெளியே விடுகிறது என்பது தெரியும். தொட்டியில் மீட்டர் வைத்தால் குடித்தது மட்டும்தான் தெரியும். புல்லில் வருகிற ஈரமும், உடம்பே உண்டாக்குகிற நீரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். 400 கிலோ தண்ணீர் உள்ள பசு தினம் 90 லிட்டரை மாற்றினால், அதன் உடம்புத் தண்ணீரில் பாதி மூன்றே நாளில் புதுசு. நமக்கு இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

பாலில் 87 சதவீதம் தண்ணீர். 30 லிட்டர் கறந்தால் 26 லிட்டர் தண்ணீர் மடி வழியாகவே போய்விடுகிறது. நம் ஊர் வெயிலில் மூச்சிலும் தோலிலும் போவது வேறு. ஒரு வேளை தண்ணீர் குறைந்தாலும் பால் குறையும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

லிட்டில் இந்தியா இருக்கிற தேக்கா வட்டாரத்துக்கு ஒரு காலத்தில் மலாயில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்றே பெயர். பஃபலோ ரோடு இன்னும் இருக்கிறது. அங்கே மாடு வைத்திருந்தவர்களிடம் கன நீர் இல்லை. ஆனால் கறந்து முடித்த கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது மாடு வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான்.

அன்று என் மகள் பார்த்த மாட்டுக்கும் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாடு மூக்கை முக்கி, காதை ஆட்டாமல், உறிஞ்சியது. வாளி காலியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இன்னொண்ணு கொடுங்க அங்கிள்" என்றாள் என் மகள். அவர் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.

வணக்கம்.