அடுப்பு எரியாத வீடு

(கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றின் நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் மப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளை ஓரிடத்தில் சேர்த்துப் பாரம்பரியப் பூங்கா ஒன்று வைக்கலாமா என்று கொஞ்ச நாளாகப் பேச்சு அடிபடுகிறது. நீ ஆதரவா எதிர்ப்பா என்று வரும்போதே வாசலில் மடக்கிக் கேட்டார்கள். ஆதரவுதான். ஆனால் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. அதற்காகத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இது புதுச் சங்கதி இல்லை. ஸ்வீடனில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நமக்குக் கிட்டத்தில் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று நிஜ வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உத்தரம் உத்தரமாக எண் போட்டு, படம் எடுத்து, வரைபடம் போட்டு, லாரியில் ஏற்றிவந்து மறுபடி கோப்பது. பொறுமைக்காரர்கள் வேலை.

அங்கே முடிந்தது இங்கே முடியுமா? தேக்குத் தூணைப் பிரித்துக் கோக்கலாம். நம் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வீட்டுச் சுவர் கல்லும் மண்ணும். இடித்தால் மண்தான் மிஞ்சும். அதோடு நம் வீடு எதுவும் தனியாக நிற்பதில்லையே! வரிசையாக, ஒரே சுவரை இரண்டு வீட்டார் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறது. முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வாசல். ஒரு வீட்டை உருவினால் இரண்டு பக்கத்து வீடுகளும் மழையில் நனையும். பூங்காவில் நிற்கப்போகும் அந்த ஒற்றை வீடோ, பக்கத்து வீட்டுப் பேச்சுக் குரல் கேட்காத படுகர் வீடாக இருக்கும். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். எடுத்தால் வரிசையோடு எடுங்கள். முடியாவிட்டால் ஏதாவது ஒரு ஹட்டியில் மிச்சமிருக்கும் ஓட்டு வீட்டு வரிசையை இருக்கும் இடத்திலேயே பழுது பார்க்கப் பணம் கொடுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவைக் கன்னேரிமுக்கில் இருந்த இடத்திலேயேதானே சீர்செய்து நினைவகமாக்கினார்கள்? கலெக்டர் துரை வீட்டுக்கு ஆன மரியாதை நம் பாட்டன் வீட்டுக்கு ஆகாதா?

தோடர் வீடு வேறு கதை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பூங்கா என்றதும் எல்லாருக்கும் கண்முன் வருவது அந்த அரைப் பீப்பாய்க் கூரைதான். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்து, முன்னும் பின்னும் அடைப்புச் சுவர் வைத்தது. சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம். வாசலோ 3 அடிதான். எவ்வளவு பெரிய மனிதரும் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இதன் மாதிரியைச் செய்து வைப்பது எளிது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போனால் பல பழங்குடிகளின் வீட்டு மாதிரிகளைப் பார்க்கலாம். கேள்வி அதற்கு அப்புறம் வருகிறது. தென்மேற்கு மழை ஒரு முறை, வடகிழக்கு மழை ஒரு முறை, நடுவில் பனி. இந்த ஈரத்தில் புல் கூரை எப்படி நிற்கிறது? உள்ளே அடுப்பு எரிகிறது. அந்தப் புகை புல்லுக்குள் ஏறி ஈரத்தையும் பூச்சியையும் விரட்டுகிறது. ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு இல்லை, அடுப்பு இல்லாவிட்டால் புகை இல்லை. சில மழைக்குள் கூரை மக்கிவிடும். அப்புறம் யாராவது ஒரு அதிகாரி, செலவைக் குறைக்கலாம் என்று மேலே தகரத்தைப் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடிப்பார். சிரிக்காதீர்கள், நடக்கும்.

அதனால் என் முதல் கோரிக்கை: கட்டடத்துக்கு ஆள் போடும்போதே, தினமும் அடுப்பு மூட்டவும் ஓர் ஆள் போடுங்கள், சம்பளத்தோடு. இரண்டாவது, புல். மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், கோயில் கூரை வேய வேண்டுமென்றால் ஆண்கள் எல்லாரும் கூடி, சதுப்பில் விளையும் புல்லை அறுத்துக் கட்டுக்கட்டாகச் சுமந்து வருவார்கள். எந்தப் புல் ஆனாலும் போதும் என்று கிடையாது. அந்தச் சதுப்புகளை நாம் என்ன செய்தோம்? வடிகால் வெட்டிக் காய்கறி போட்டோம். மேட்டில் சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் வைத்தோம். நானும் தேயிலைக்காரன்தான், குற்றவாளிக் கூண்டில் எனக்கும் ஓர் இடம் உண்டு. பூங்காவுக்கு ஐந்து ஏக்கர் ஒதுக்கினால், அதில் ஓர் ஏக்கராவது சதுப்பாக இருக்கட்டும். வீட்டைக் கொண்டுவருபவர்கள் புல்லையும் கொண்டுவர வேண்டும்.

கோயிலை மட்டும் தொடாதீர்கள். முத்தநாடு மந்தில் கூம்பாக உயர்ந்து நிற்கிறதே, அதைப் போல ஒன்றைப் பூங்கா வாசலில் வைத்தால் அழகாக இருக்கும் என்று ஒரு தம்பி சொன்னார். எருமைப் பாலைப் புனிதமாக வைத்துப் பூசை செய்யும் இடம் அது. பூசாரி தவிர யாரும் உள்ளே நுழையக்கூடாது. அதன் முன்னால் டிக்கெட் கிழித்து செல்ஃபி எடுக்கவிடுவதா? நம் ஹெத்தையம்மன் கோயிலை யாராவது அட்டையில் செய்து வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

போபாலில் மானவ சங்கிரகாலயா என்று ஓர் அருங்காட்சியகம், ஷாம்லா குன்றுகளில் இருக்கிறது. அங்கே அந்தந்தச் சமூகத்து மக்களே வந்து தங்கள் வீட்டைத் தங்கள் கையால் கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி அதுதான். கட்டிய கைதான் பழுதையும் பார்க்கும். கான்ட்ராக்டர் கட்டினால் பில் பாஸானதும் போய்விடுவார்.

சொந்தக் கதை ஒன்று. எங்கள் பழைய வீட்டை இடித்து கான்கிரீட் போட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஹாகோட்டு, அதாவது பால் வைக்கும் உள்ளறை, அதன் குட்டைக் கதவைப் பழைய மரம் வாங்கும் ஒருவருக்கு அப்பா கொடுத்துவிட்டார். எவ்வளவுக்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒரு விடுதியில் சாப்பிட உட்கார்ந்தேன். மேலே கண்ணாடி போட்ட மேஜை. கண்ணாடிக்கு அடியில் எங்கள் கதவு. தெரியாமலா போகும்? சின்ன வயதில் ஆணியால் என் பெயரைக் கீறி ஹெத்தையிடம், அதாவது பாட்டியிடம், அடி வாங்கிய கதவு ஆயிற்றே. முதலெழுத்தின் மேல்தான் சாம்பார்க் கிண்ணம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கேட்க வாய் வரவில்லை.

உங்கள் மாட்டுக்கொட்டகையிலும் விறகு அடுக்கிலும் இப்படி ஏதாவது கிடக்கும். விற்றுவிடாதீர்கள், எரித்தும்விடாதீர்கள். பின்னால் டீ வைத்திருக்கும் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் வீட்டில் என்ன மரம், என்ன கதவு இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த பக்கத்தில் இன்னொன்று எழுத வேண்டும்: மண்சுவர் வைக்கத் தெரிந்தவர், ஓடு மாற்றத் தெரிந்தவர், பிரம்பு கட்டத் தெரிந்தவர் யார் யார், அவர்களுக்கு என்ன வயது என்று. இங்கே வந்ததும் எனக்குத் தெரிந்த பெயர்களை நானே எழுதிப் பார்த்தேன். நான்கு பேர் தேறினார்கள். நான்கு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, போய் எழுதுங்கள்.