பழைய கம்ப்யூட்டர், அகல மானிட்டர்: படம் ஏன் இழுபடுது?

[திரையில்: மேஜைமேல ஒரு ஆத்தங்குடிக் கல் (தரையில பதிக்கிற பூப்போட்ட கல்). பின்னால மானிட்டர்ல அதே கல்லோட போட்டோ.]

மேஜையில இருக்கிற கல் எட்டுக்கு எட்டு இஞ்ச், நல்ல சதுரம். அதே கல் மானிட்டர்ல எப்படித் தெரியுதுன்னு பாருங்க. உயரம் எட்டுன்னா அகலம் பத்தே முக்காலுக்குக் கிட்ட. நடுவுல இருக்கிற வட்டப்பூ முட்டை மாதிரி ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் 1024-க்கு 768 புள்ளியில படம் அனுப்புது, அது 4:3, அதாவது அகலம் நாலுன்னா உயரம் மூணு. மானிட்டர் 16:9. சின்னதை இழுத்துப் பெருசுல நிரப்பும்போது அகலம் மட்டும் மூணுல ஒரு பங்கு கூடிடும்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பல கடைகள்ல பில் போடுறது இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான். பில் சாப்ட்வேரும் பிரிண்டரும் புதுசுல ஓடாது, அதனால மாத்தவும் முடியாது. பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்புற வயசு அதுக்கு இன்னும் வரல. பழைய டப்பா மானிட்டர் போயிட்டா கடையில கிடைக்கிறது அகல மானிட்டர்தான். அதை மாட்டினதும் "கிராபிக்ஸ் கார்டு வாங்குங்க"ன்னு யாராவது சொல்லுவாங்க. கடைசியா செய்ய வேண்டியது அது.

[திரையில்: பழைய மானிட்டர், டிஸ்பிளே செட்டிங்ஸ்]

பழைய மானிட்டர் இன்னும் உயிரோட இருந்தா, கழட்டுறதுக்கு முன்னாடி ரிப்ரெஷ் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்குதுங்கிற எண்ணை, 60-ல வச்சிருங்க. டப்பா மானிட்டருக்குக் கண் கூசாம இருக்க 75, 85-னு வச்சிருப்பாங்க. புது மானிட்டர் அதை வாங்காம, "அவுட் ஆப் ரேஞ்ச்"னு சொல்லிட்டுக் கறுப்பாயிடலாம். ஏற்கனவே மாட்டி மாட்டிக்கிட்டீங்கன்னா, கம்ப்யூட்டரை ஆன் பண்ணி எப்8 தட்டிக்கிட்டே இருங்க. வர்ற பட்டியல்ல "எனேபிள் விஜிஏ மோட்" எடுத்து, உள்ள போய் 60 ஆக்குங்க.

அடுத்து டிரைவர், அதாவது படம் காட்டுற சிப்பை விண்டோஸ் இயக்க உதவுற சாப்ட்வேர். பல இடத்துல கோளாறு இங்கதான் இருக்கும். மை கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். "வீடியோ கன்ட்ரோலர்" பக்கத்துல மஞ்சள் கேள்விக்குறி இருந்தா டிரைவரே ஏறல. அதை டபுள் கிளிக் பண்ணி டீடெய்ல்ஸ் டேப் போங்க. நீளமா ஒரு எண் வரும்.

[திரையில்: அந்த வரி பெரிதாக, "வென்", "டெவ்" மட்டும் மஞ்சளில்]

"வென்"னுக்குப் பின்னால 8086 இருந்தா இன்டெல். "டெவ்"வுக்குப் பின்னால 2572-னா 865 மதர்போர்டு, 2582-னா 915, 2772-னா 945, 29சி2-ன்னா ஜி31. அந்த எண்ணுக்கு உண்டான எக்ஸ்பி டிரைவரை வேற கம்ப்யூட்டர்ல இறக்கி, பென்டிரைவ்ல கொண்டு வந்து ஏத்துங்க. எக்ஸ்பியை இன்டர்நெட்ல விட வேணாம், வைரஸுக்குத் திறந்த வீடு அது.

945, ஜி31 போர்டுல பெரும்பாலும் இதோட வேலை முடிஞ்சிடும். டிஸ்பிளே செட்டிங்ஸ்ல மானிட்டரோட சொந்த அளவை வைங்க. 18.5 இஞ்ச்சுன்னா பெரும்பாலும் 1366-க்கு 768. 21.5, 24 இஞ்ச்சுக்கு 1920-க்கு 1080. பட்டியல்ல 1366-க்குப் பதிலா 1360 இருந்தா பயப்படாதீங்க. பழைய சிப்புகள் அகலத்தை எட்டு எட்டாத்தான் எண்ணும், 1366 எட்டால வகுபடாது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

டிரைவர் ஏறியும் அகல அளவு பட்டியல்ல வரலையா? கேபிளைப் பாருங்க.

[திரையில்: விஜிஏ கேபிள் முனை, நெருக்கமாக]

மானிட்டர் தன்னோட அளவை 128 பைட் தகவலா கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது போறது 12-ம் பின்னுலயும் 15-ம் பின்னுலயும். முனையை உங்களைப் பார்த்து, அகலப் பக்கம் மேல இருக்க பிடிங்க. கீழ் வரிசையில இடமிருந்து ரெண்டாவது 12, கடைசி 15. நடு வரிசையில நாலாவது பின் இல்லாத கேபிள் நிறைய இருக்கு, அதனால மட்டும் கேபிளைத் தூக்கிப் போடாதீங்க. ஆனா மலிவான கேபிள்ல பின் இருக்கும், உள்ள கம்பி இருக்காது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மானிட்டர் பெட்டியோட வந்த கேபிளை மாத்திப் பாருங்க, அதுதான் சுலபம்.

கேபிளும் சரின்னா அட்வான்ஸ்டு போய் மானிட்டர் டேப்ல "ஹைட் மோட்ஸ்" டிக்கை எடுங்க. தப்பான அளவைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பாயிட்டா எதையும் தொடாம 15 விநாடி இருங்க, தானா பழையபடி வரும்.

865 போர்டுல இவ்வளவு பண்ணியும் வராமப் போகலாம். அப்போ மானிட்டர் மெனுவுல "ஆஸ்பெக்ட் ரேஷியோ"வை 4:3 ஆக்குங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், கல் சதுரமாயிடும். இதுல ஒரு சூட்சுமம் உண்டு. 1366-க்கு 768 மானிட்டர்ல 1024-க்கு 768 புள்ளிக்குப் புள்ளி அப்படியே உட்காரும், பக்கத்துக்கு 171 புள்ளி கறுப்பு, எழுத்து கூர்மையா இருக்கும். 1920 மானிட்டர்ல அதே படம் 1440-க்கு 1080-ஆ ஊதிப் பெருக்கப்படும், எழுத்து கலங்கும். பில் போட மட்டும்னா, பெரிய மானிட்டரைவிட 18.5 இஞ்ச்சே மேல்.

கார்டு வாங்கியே ஆகணும்னா, போர்டுல பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 ஸ்லாட் இருக்கான்னு முதல்ல பாருங்க. பல 865 போர்டுகள்ல ஏஜிபிங்கிற பழைய ரக ஸ்லாட்தான் இருக்கும், அதுல புதுக் கார்டு ஏறாது. ஜிபோர்ஸ் 210, ரேடியான் எச்டி 5450 ரெண்டுக்கும் எக்ஸ்பி டிரைவர் உண்டு, தனி பவர் ஒயரும் கேட்காது. ஒல்லிக் கேபினட்டுன்னா பாதி உயரப் பட்டை சேர்த்துக் கேட்டு வாங்குங்க.

மானிட்டர்ல எச்டிஎம்ஐ மட்டும் இருந்தா, "விஜிஏல இருந்து எச்டிஎம்ஐ"ன்னு கேளுங்க. எதிர்த்திசையில வேலை செய்றதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினா ஒண்ணும் வராது. சரியான கன்வெர்ட்டர்ல பெரும்பாலும் பவருக்கு ஒரு யுஎஸ்பி வால் தொங்கும்.

டாஸ் (விண்டோஸுக்கு முந்தின, எழுத்து மட்டும் வர்ற திரை) பில் சாப்ட்வேர் தனி ரகம். முழுத்திரையில அது 720-க்கு 400-ல போகும், விண்டோஸ்ல வச்ச அளவு எதுவும் அதுக்குச் செல்லாது. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தி ஜன்னலுக்குள்ள கொண்டு வாங்க. மேல் பட்டையில ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், பான்ட், 10-க்கு 18. எண்பது எழுத்து, 25 வரி: 800-க்கு 450. கணக்குப் போட்டுப் பாருங்க, அது சரியா 16:9.

[திரையில்: வெள்ளைப் பக்கம் முழுத்திரையில்; விரல் "ஆட்டோ" பட்டனில்]

எல்லாம் முடிஞ்சதும், ஓரம் வரை வெள்ளையா, சின்ன எழுத்து நிறைஞ்ச பக்கத்தைத் திறந்து வச்சுட்டு மானிட்டர்ல "ஆட்டோ" அழுத்துங்க. கறுப்புத் திரையில அழுத்தினா ஓரம் எங்கேன்னு அதுக்குப் புரியாது, படம் ஒரு பக்கமா ஒதுங்கும். அப்புறம் கல்லோட போட்டோவைத் திறந்து ஸ்கேலை வச்சு அளங்க, அகலமும் உயரமும்.